எங்கே போகச் சொல்கிறீர்கள்? அமெரிக்க நகரங்களும் கூடார முகாம்களும்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் பெற்றோர் சொல்கிற விஷயங்களில் இதுவும் ஒன்று: "அவ்வளவு பெரிய கட்டடத்துக்குக் கீழேயே டென்ட் போட்டுப் படுத்திருக்காங்க." லாஸ் ஏஞ்சல்ஸ், சான் பிரான்சிஸ்கோ, சியாட்டில், போர்ட்லண்ட் என்று மேற்குக் கரையில் எந்தப் பெரிய நகரத்துக்குப் போனாலும் இந்தக் காட்சி கண்ணில் படும். பணக்கார நாட்டில் ஏன் இப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். நகர நிர்வாகம் இவர்களை என்ன செய்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. அந்தச் செய்திகளைப் படிக்கப் போனால் ‘ஸ்வீப்’, ‘கேம்பிங் தடை’, ‘ஹவுசிங் ஃபர்ஸ்ட்’ என்று புரியாத சொற்கள் வந்து நிற்கும். அவற்றைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

முகாம் என்பது எது?

ஒருவர் ஒரு ராத்திரி பூங்கா பெஞ்சில் படுத்தால் அது முகாம் ஆகாது. சிலர் சேர்ந்து ஒரே இடத்தில் கூடாரமோ தார்ப்பாயோ கட்டி, நாள்கணக்கில் தங்கிவிட்டால் அதைக் கூடார முகாம் என்கிறார்கள். பெரும்பாலும் மேம்பாலத்தடி, ரயில் பாதையோரம், ஆற்றங்கரை, அகலமான நடைபாதை. சேர்ந்து இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒருவர் கழிப்பறை தேடிப் போகும்போது பக்கத்துக் கூடாரத்துக்காரர் சாமான்களைப் பார்த்துக்கொள்வார். தனியாகப் படுத்திருக்கும் பெண்ணுக்கு ராத்திரியில் துணை இருக்கும். சாப்பாடு கொண்டுவரும் தன்னார்வலர்களுக்கும் ஆட்களைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அமெரிக்க அரசு ஆண்டுதோறும் ஜனவரியில் ஒரு ராத்திரியைக் குறித்து வீடற்றவர்களைக் கணக்கெடுக்கிறது. 2024 கணக்கில் 7,71,480 பேர். முந்தைய ஆண்டைவிட 18 சதவீதம் கூடுதல். இதில் சுமார் 2,74,000 பேர் காப்பகத்தில்கூட இல்லாமல் தெருவிலோ காரிலோ கூடாரத்திலோ படுத்திருந்தவர்கள். ஒரே ராத்திரியில் கண்ணில் பட்டவர்களின் கணக்கு இது. ஆண்டு முழுக்க வந்து போகிறவர்களைச் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் பெரிது.

எங்கிருந்தோ வந்து இறங்கிவிட்டார்கள் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வது வழக்கம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகம் 2023ல் வெளியிட்ட பெரிய ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. கலிஃபோர்னியாவில் வீடற்று இருப்பவர்களில் 10ல் 9 பேர் கடைசியாகக் குடியிருந்த வீடு அதே மாநிலத்தில்தான் இருந்திருக்கிறது. வீட்டை இழப்பதற்கு முந்தைய ஆறு மாதத்தில் அவர்களின் குடும்ப வருமானத்தின் இடைநிலை அளவு மாதம் 960 டாலர். அந்தப் பணத்துக்கு அங்கே ஓர் ஒற்றை அறைகூடக் கிடைப்பது கஷ்டம். போதைப் பழக்கமும் மனநோயும் பலரிடம் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அதே பழக்கமும் அதே நோயும் உள்ளவர் வாடகை குறைவான ஊரில் ஒரு கூரைக்குக் கீழே ஒண்டிக்கொள்ள முடிகிறது. வாடகை ஏறிய ஊரில் அவர்தான் முதலில் தெருவுக்கு வருகிறார்.

சரி, காப்பகத்துக்குப் போகலாமே? முதல் சிக்கல், பல ஊர்களில் படுக்கையே போதாது. படுக்கை இருந்தாலும் மூன்று விஷயங்கள் தடுக்கும் என்று களப்பணியாளர்கள் சொல்வார்கள்: துணை, நாய், சாமான். ஆண், பெண் தனித்தனி என்பதால் கணவனும் மனைவியும் பிரிய வேண்டும். வளர்க்கும் நாயை விட வேண்டும். இரண்டு பைக்கு மேல் கொண்டுபோக முடியாது. பல காப்பகங்களில் காலையில் எழுப்பி வெளியே அனுப்பிவிடுவார்கள், சாயங்காலம் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாத ஒரு படுக்கைக்காக, இருக்கும் கூடாரத்தை விட்டுப் போக மனம் வராது.

இது யார் பொறுப்பு என்பதும் குழப்பம்தான். நடைபாதையும் பூங்காவும் நகராட்சியுடையது. பொது சுகாதாரமும் மனநல சிகிச்சையும் பெரும்பாலும் கவுன்ட்டி கையில். கவுன்ட்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. நெடுஞ்சாலைப் பாலத்தடி மாநில அரசுடையது. ரயில் பாதையோரம் தனியார் ரயில் கம்பெனியுடையது. பணத்தில் ஒரு பெரிய பங்கு வாஷிங்டனிலிருந்து, அதாவது மத்திய அரசிடமிருந்து வருகிறது. அதனால் நகராட்சி விரட்டினால் பத்தடி நகர்ந்து மாநில நிலத்துக்குப் போய்விடலாம். அங்கே இன்னொரு துறை வந்து விரட்டும் வரை இருக்கலாம்.

‘ஸ்வீப்’ நடக்கும் காலை

நகராட்சிகள் அதிகம் செய்வது இதைத்தான். அதிகாரிகள் ‘சுத்தம் செய்தல்’ என்பார்கள். கூடாரத்தில் இருப்பவர்கள் ‘ஸ்வீப்’ என்பார்கள், பெருக்கித் தள்ளுவது என்ற பொருளில்.

முதலில் கம்பத்திலோ வேலியிலோ ஒரு நோட்டீஸ் ஒட்டுவார்கள்: இந்தத் தேதி, இந்த நேரத்துக்குள் காலி செய்யவும். சில ஊர்களில் 24 மணி நேர அவகாசம், சில ஊர்களில் 72 மணி நேரம். குறித்த நாள் காலையில் துப்புரவுத் துறை லாரி வரும், கூடவே போலீஸ் கார். கையுறை போட்ட ஊழியர்கள் டேப் கட்டி இடத்தை வளைப்பார்கள். உள்ளே இருப்பவர் கைக்கு எட்டியதை அள்ளி ஒரு தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு வெளியே வர வேண்டும். மிச்சம் லாரிக்குள் போய் நசுங்கும். லாஸ் ஏஞ்சல்ஸ் 2016ல் கொண்டுவந்த விதிப்படி, ஒருவர் நடைபாதையில் வைத்துக்கொள்ளக்கூடியது 60 கேலன் தொட்டிக்குள் அடங்கும் சாமான் மட்டும். ஏறக்குறைய 227 லிட்டர். நம் ஊரில் மாடியில் வைக்கும் சின்ன தண்ணீர் டேங்க்கில் பாதிகூட வராது. ஒரு மனுஷனின் மொத்த வீடும் அதற்குள் அடங்க வேண்டும்.

லாரிக்குள் போவதில் குப்பை நிறைய இருக்கும். ஆனால் சர்க்கரைக்குப் போடும் இன்சுலின், செல்போன், பிறப்புச் சான்று, அடையாள அட்டை எல்லாம் அந்த மூட்டைகளுக்குள்தான் இருக்கும். அரசு உதவியில் வீடு கிடைக்க அந்த அட்டைதான் முதல் தேவை. அது போய்விட்டால் மறுபடி விண்ணப்பம், மறுபடி காத்திருப்பு. இரண்டு மாதமாக அவரைத் தேடி வந்து, பேசிப் பழகி, வீட்டுப் பட்டியலில் பெயர் சேர்த்த களப்பணியாளர் அடுத்த வாரம் வந்து பார்த்தால் ஆளே இருக்க மாட்டார். போனும் இல்லாதவரை எங்கே போய்த் தேடுவது? ஒரு வேளை வீடு ஒதுக்கியாகிவிட்டது என்று சொல்லத்தான் வந்திருப்பார்.

இதைப் பற்றி நீதிமன்றமும் பேசியிருக்கிறது. ஆள் பக்கத்தில் இல்லை என்பதற்காக ஒருவருடைய சாமானை எடுத்து அங்கேயே அழித்துவிடக் கூடாது என்று 2012ல் மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாவது வட்டார மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் லாஸ் ஏஞ்சல்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. எடுத்ததை 90 நாள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அந்தக் கிடங்குக்குப் போய் மீட்டு வர பஸ் காசும் நேரமும் வேண்டும் என்பது வேறு விஷயம்.

2023ல் ஒரு மருத்துவ ஆய்விதழில் 23 அமெரிக்க நகரங்களை வைத்துக் கணினி மாதிரிக் கணக்கு ஒன்று வெளியானது. ஊசி வழியே போதை எடுக்கும் வீடற்றவர்களை இப்படித் தொடர்ந்து இடம் மாற்றிக்கொண்டே இருந்தால், பத்து ஆண்டுகளில் அவர்களிடையே நிகழும் இறப்புகளில் 15 முதல் 25 சதவீதம் வரை அதனால் நேரலாம் என்று அது மதிப்பிட்டது. சிகிச்சை அறுந்துபோவதும், தெரியாத இடத்தில் தனியாகக் கிடப்பதும்தான் காரணம். கொரோனா தொடங்கிய 2020 மார்ச்சில், தனித் தங்குமிடம் தர முடியாவிட்டால் முகாம்களைக் கலைக்காதீர்கள் என்று நாட்டின் நோய்த் தடுப்பு மையமே நகராட்சிகளுக்குச் சொன்னது.

அதற்காக, முகாமை அப்படியே விட்டுவிட்டால் போதும் என்று நான் சொல்லவில்லை. 2016 முதல் 2018 வரை சான் டியேகோ கவுன்ட்டியில் ஹெபடைடிஸ் ஏ பரவி 592 பேருக்கு நோய் வந்தது, 20 பேர் இறந்துபோனார்கள். அதில் பெரும் பங்கு வீடற்றவர்கள். கழிப்பறையும் கை கழுவத் தண்ணீரும் இல்லாத இடத்தில் இருநூறு பேர் இருந்தால் இதுதான் நடக்கும். பிறகு நகரம் தெருக்களை பிளீச்சிங் கரைசல் ஊற்றிக் கழுவியது, கை கழுவும் தொட்டிகளை வைத்தது, தடுப்பூசி போட்டது. கூடாரங்களில் தீ பிடிப்பதும் அடிக்கடி நடக்கிறது. போர்ட்லண்டில் சக்கர நாற்காலியில் போகிறவர்கள், நடைபாதையைக் கூடாரங்கள் அடைத்துவிட்டதால் நடுரோட்டில் இறங்கிப் போக வேண்டியிருக்கிறது என்று 2022ல் நகராட்சி மேல் வழக்குப் போட்டார்கள். அவர்கள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

நீதிமன்றம் போன சின்ன ஊர்

2018ல் ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகர வழக்கில் அதே ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் ஒரு கோடு போட்டது: காப்பகத்தில் படுக்கை இல்லாதபோது, வெளியே படுத்ததற்காக ஒருவரைத் தண்டிக்கக் கூடாது. கொடூரமான, வழக்கத்துக்கு மாறான தண்டனையைத் தடுக்கும் எட்டாவது அரசியல் சட்டத் திருத்தத்துக்கு அது எதிரானது. மேற்குக் கரை முழுக்க இந்தத் தீர்ப்பு பொருந்தியது. "எங்கே போகச் சொல்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிட்டுத்தான் நகராட்சி தண்டிக்க முடியும் என்ற நிலை சில ஆண்டுகள் இருந்தது.

ஆரிகன் மாநிலத்தின் தெற்கே கிரான்ட்ஸ் பாஸ் என்று ஓர் ஊர், சுமார் 38,000 பேர். அங்கே அப்போது பூங்காவில் போர்வை, தலையணை, அட்டைப் பெட்டி எதையாவது விரித்துப் படுத்தால் 295 டாலர் அபராதம். திரும்பவும் பிடிபட்டால் பூங்காவுக்குள் வரத் தடை. தடையை மீறினால் 30 நாள் வரை சிறை, 1,250 டாலர் வரை அபராதம். நகராட்சி நடத்தும் காப்பகம் ஒன்றுகூட ஊரில் இருக்கவில்லை. இந்தப் பிரச்சினையைப் பேச 2013ல் நடந்த கூட்டத்தில், அவர்களாகவே கிளம்பி வேறு பக்கம் போகிற அளவுக்கு இங்கே இருப்பதைச் சங்கடமாக்க வேண்டும் என்று நகர்மன்றத் தலைவர் பேசியது வழக்குப் பதிவில் இருக்கிறது.

இந்த விதிகளை எதிர்த்து வீடற்றவர்கள் போட்ட வழக்கில், 2024 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் ஊர் பக்கம் தீர்ப்பளித்தது. நீதிபதி கோர்சச் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம்: இந்தச் சட்டம் வீடில்லாதவர் என்பதற்காக யாரையும் தண்டிக்கவில்லை, பொது இடத்தில் முகாம் போடும் செயலைத் தண்டிக்கிறது. பையைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர் கூடாரம் போட்டாலும் இதே தண்டனைதான். எதைக் குற்றமாக்கலாம் என்பதில் எட்டாவது திருத்தம் தலையிடாது. நீதிபதி சோட்டோமேயரின் மாற்றுத் தீர்ப்பு, தூக்கம் உடம்பின் தேவை என்பதிலிருந்து தொடங்குகிறது. போக இடமே இல்லாதவரைத் தூங்கியதற்காகத் தண்டிப்பது, அவர் வீடற்றவராக இருப்பதற்காகத் தண்டிப்பதேதான் என்று அவர் சொன்னார். எனக்கு அவர் சொல்வதுதான் சரியாகப் படுகிறது. ஊர் சுற்றி வந்தவர் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு லாட்ஜுக்கோ வீட்டுக்கோ போவார். மற்றவர் எங்கே போவார்?

தீர்ப்பு வந்த கையோடு நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் புதிய கேம்பிங் தடைகளை, அதாவது பொது இடத்தில் கூடாரம் போட்டுத் தங்கக் கூடாது என்ற சட்டங்களைக் கொண்டுவந்தன, அல்லது பழையதை இறுக்கின. ஒரு மாதத்துக்குள் கலிஃபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம், மாநில நிலங்களிலுள்ள முகாம்களை அகற்ற உத்தரவு போட்டார். ஃபுளோரிடாவில் அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுக்கத் தடை.

இந்தக் கதையில் நம் ஊர்க்காரர் ஒருவரும் இருக்கிறார், இன்னொரு நகரத்தில். சேலத்தைச் சேர்ந்த நிலமற்ற கூலித் தொழிலாளி. வறட்சியில் வேலை போய் 1961ல் பம்பாய்க்குப் போனார். ரசாயனக் கம்பெனி ஒன்றில் 23 ரூபாய் தினக்கூலி. நெடுஞ்சாலையோர நடைபாதையில் பிளாஸ்டிக் ஷீட்டும் கித்தானும் கட்டிய ஒரு மறைப்புக்காக ஒரு தாதா அவரிடம் 2,500 ரூபாய் பிடுங்கியிருந்தான். 1981 ஜூலையில் மாநகராட்சி அந்தக் குடிசையை இடித்து, அவரையும் குடும்பத்தையும் சேலம் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியது. மனைவியும் மூன்று மகள்களும் சேலத்தில் தங்கிவிட்டார்கள். அவர் வேலை தேடித் திரும்பவும் பம்பாய்க்கே போய், திரும்பவும் ஒரு நடைபாதைக் குடிசையில் குடியேறினார்.

இதெல்லாம் 1985ல் இந்திய உச்ச நீதிமன்றம் கொடுத்த ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பில் எழுதியிருக்கிறது. பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. ஆனாலும் நடைபாதை நடப்பவர்களுக்கானது, முன்கூட்டியே அறிவித்துவிட்டு மாநகராட்சி அகற்றலாம், மழைக்காலம் முடிந்து அக்டோபர் 31 வரை பொறுக்கட்டும் என்றது. அதிகாரிகள் வந்தால் சந்துக்குள் ஓடுவதும் அவர்கள் போனதும் திரும்பி வருவதுமான இதைக் கண்ணாமூச்சி விளையாட்டுக்கு ஒப்பிட்டதும் அதே தீர்ப்புதான். வேலை செய்யும் இடம் பக்கத்தில் இருப்பதால்தான் அவர்கள் அங்கேயே திரும்புகிறார்கள் என்ற காரணத்தையும் நீதிபதிகள் கவனித்து எழுதியிருக்கிறார்கள்.

விரட்டாமல் என்ன செய்யலாம்?

சில ஊர்கள் முகாமுக்கு இடம் ஒதுக்கித் தருகின்றன. போர்ட்லண்டின் டிக்னிட்டி வில்லேஜ் 2000 டிசம்பரில் பாலத்தடிக் கூடாரங்களாகத் தொடங்கியது. அடுத்த ஆண்டே நகராட்சி அதை ஏற்று இடம் கொடுத்தது. சிறு குடில்கள், பொதுக் கழிப்பறை, தங்குகிறவர்களே போட்டுக்கொண்ட விதிகள் என்று இன்றும் இருக்கிறது. சான் டியேகோ 2023ல் ஒரு கையால் தடைச் சட்டம் போட்டு, மறு கையால் கழிப்பறையும் காவலும் உள்ள கூடார வளாகங்களைத் திறந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் மேயர் கேரன் பாஸ் 2022 டிசம்பரில் பதவிக்கு வந்ததும் ‘இன்சைட் சேஃப்’ என்று ஒரு திட்டம் தொடங்கினார். முகாமில் இருப்பவர்களை ஒட்டுமொத்தமாக மோட்டல் அறைகளுக்கு மாற்றுவது அது. கதவும் தாழ்ப்பாளும் உள்ள அறை என்றால் பெரும்பாலும் கிளம்பி வருகிறார்கள். ஆனால் மோட்டல் வாடகை நகரத்தின் பணத்தைத் தின்கிறது, அங்கிருந்து போக நிரந்தர வீடு கிடைப்பதில்லை. அதனால் அறையிலேயே மாதக்கணக்கில் தங்கிவிடுகிறார்கள், சிலர் தெருவுக்கே திரும்புகிறார்கள்.

நான் அதிகம் நம்புவது ஹூஸ்டன் செய்ததை. 2011ல் நாட்டிலேயே வீடற்றவர்கள் மிக அதிகமான நகரங்களில் அதுவும் ஒன்று. ஏராளமான அமைப்புகள் ஆளுக்கொரு பட்டியல் வைத்துக்கொண்டு தனித்தனியாக உதவிக்கொண்டிருந்தன. அப்போதைய மேயர் அனீஸ் பார்க்கர் நகராட்சி, கவுன்ட்டி, தொண்டு அமைப்புகள், வீட்டு உரிமையாளர்கள் எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார். எல்லோருக்கும் சேர்த்து ஒரே பட்டியல். வாஷிங்டன் பணம் எதற்குப் போவது என்பதையும் சேர்ந்தே முடிவு செய்தார்கள்.

அடிப்படைக் கொள்கை ‘ஹவுசிங் ஃபர்ஸ்ட்’, அதாவது முதலில் வீடு. 1990களில் நியூயார்க்கில் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் தொடங்கிவைத்தது. குடியை விட்டால்தான் வீடு, மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால்தான் வீடு என்று நிபந்தனை போடாமல், சாவியை முதலில் கொடுப்பது. அப்புறம் சிகிச்சை, வேலை, மற்றதெல்லாம். நடைபாதையில் படுத்துக்கொண்டு குடியை விடுவது எத்தனை பேரால் முடியும்?

ஹூஸ்டனில் ஒரு முகாமை மூடுவதென்றால் களப்பணியாளர்கள் வாரக்கணக்கில் முன்பே அங்கே போய்வருவார்கள். யார் யார் இருக்கிறார்கள், யாருக்குச் சக்கர நாற்காலி வேண்டும், யாரிடம் அடையாள அட்டை இல்லை என்று ஒவ்வொருவராகக் குறிப்பார்கள். அட்டை எடுத்துக் கொடுத்து, வாடகைக்கு அப்பார்ட்மென்ட் பார்த்து, வீடு அமைந்தவர்களை ஒவ்வொருவராக மாற்றுவார்கள். எல்லோரும் போன பிறகுதான் இடத்தைச் சுத்தம் செய்து வேலி போடுவது. அந்த லாரிக்குள் யாருடைய இன்சுலினும் போவதில்லை. இப்படிப் பத்தாண்டுக்கும் மேலாகச் செய்ததில் 25,000க்கும் மேற்பட்டவர்களுக்கு வீடு கிடைத்தது. வீடற்றவர் எண்ணிக்கை 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

ஹூஸ்டனுக்கு இருந்த வசதியையும் சொல்லியாக வேண்டும். அங்கே நிலம் அதிகம், கட்டடம் கட்டக் கட்டுப்பாடு குறைவு, வாடகை கலிஃபோர்னியா அளவுக்கு இல்லை. அந்த நகரமும் 2017ல் கேம்பிங் தடை போட்டதுதான். 2020க்குப் பிறகு வேலையை ஓட்டிய பணத்தில் ஒரு பங்கு கொரோனா நிதியாக மத்திய அரசு கொடுத்தது, அது என்றைக்கும் வருவதில்லை. பணம் மட்டும் இருந்தாலும் போதாது. கலிஃபோர்னியா ஐந்து ஆண்டுகளில் சுமார் 2,400 கோடி டாலர் செலவிட்டும், அதனால் என்ன பலன் என்று ஒழுங்காகக் கணக்கு வைக்கவில்லை என மாநிலத் தணிக்கையாளர் 2024ல் சொன்னார்.

2025 ஜூலையில் அதிபர் டிரம்ப், ஹவுசிங் ஃபர்ஸ்டுக்கான மத்திய ஆதரவை நிறுத்தவும், கேம்பிங் தடையை அமல்படுத்தும் ஊர்களுக்கு நிதியில் முன்னுரிமை தரவும் உத்தரவிட்டார். வாஷிங்டன் பணத்தை வைத்து வீடு கொடுத்துவந்த ஊர்களுக்கு இது பெரிய அடி.

கிரான்ட்ஸ் பாஸ் என்ன ஆனது? உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்த பிறகு, கூடாரம் போட ஒதுக்கியிருந்த இடங்களை ஊர் சுருக்கியது. ஆனால் ஆரிகனில் 2021ல் வந்த மாநிலச் சட்டம் ஒன்று உண்டு. வீடற்றவர்கள் படுப்பது பற்றி ஊர்கள் போடும் விதி நியாயமானதாக இருக்க வேண்டும் என்கிறது அது. அதைப் பிடித்துக்கொண்டு 2025 ஜனவரியில் மாற்றுத்திறனாளிகள் உரிமை அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. ஆகஸ்டில் சமரசம் ஆனது. சக்கர நாற்காலியில் இருப்பவரும் போய்வரக்கூடிய விதத்தில், குறைந்தது 150 பேருக்குக் கூடாரம் போட இடம் வைத்திருக்க ஊர் ஒப்புக்கொண்டது, ஓராண்டுக்கு.